சிறுநீரகம் பழுதானால் இதயம் ஏன் தடுமாறுகிறது?

கால் வீங்கியிருக்கிறது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ராத்திரி தலையணையை இரண்டாக அடுக்கினால்தான் தூக்கம் வருகிறது. இது இதயப் பிரச்சினையா, சிறுநீரகப் பிரச்சினையா?

பல நேரங்களில் "ரெண்டுமே" என்பதுதான் பதில்.

நாட்பட்ட சிறுநீரக நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது டயாலிசிஸ். வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்கும் காட்சிதான் மனத்தில் வரும். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டம் வரை போவதே இல்லை. அதற்கு முன்பே இதய நோய், பக்கவாதம் போன்றவற்றால் பாதிக்கப்படும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

அதனால் "டயாலிசிஸ் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார், பயப்பட ஒண்ணுமில்ல" என்று வீட்டில் யாராவது சொன்னால், அது பாதிக் கதைதான். மீதிக் கதை இதயத்தைப் பற்றியது.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

இதயச் செயலிழப்பு என்று கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கும். உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் சரியாக அனுப்ப முடியாது, அவ்வளவுதான். சிலருக்கு இதயத் தசை பலவீனமாகி, ரத்தத்தை வேகமாகத் தள்ள முடியாமல் போகும். வேறு சிலருக்குத் தசை தடித்து விறைத்துவிடும். தளர்ந்து விரிய முடியாததால் உள்ளே போதுமான ரத்தம் நிரம்பாது. சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் இந்த இரண்டாவது வகை அதிகம் காணப்படுகிறது.

மாரடைப்பு என்பது வேறு. இதயத்திற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வதால் ஏற்படுவது அது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்குப் பின்னாளில் இதயச் செயலிழப்பு வரலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நாட்பட்ட சிறுநீரக நோய் என்றால், சிறுநீரகத்தின் அமைப்பிலோ செயல்பாட்டிலோ ஏற்பட்ட பாதிப்பு மூன்று மாதத்திற்கும் மேல் நீடிப்பது. ஒரே ஒரு பரிசோதனையில் எண் சரியில்லை என்பதற்காக நோய் என்று முடிவு கட்டுவதில்லை.

இரண்டுக்கும் அப்படி என்ன உறவு?

இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. கைமுட்டி அளவே உள்ள இரண்டு உறுப்புகளுக்கு இவ்வளவு ரத்தமா என்று தோன்றலாம். அவை ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன.

கழிவை அகற்றுவது மட்டும் சிறுநீரகத்தின் வேலையல்ல. உடலில் எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர் இருக்க வேண்டும், ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கவனித்துக்கொள்வதும் அதுதான். இந்தக் கணக்கு தப்பும்போது இதயத்திற்குச் சுமை ஏறுகிறது. நான்கு வழிகளில் இது நடக்கிறது:

- நீரும் உப்பும் தேங்குதல்: வெளியேற வேண்டியவை உள்ளேயே தங்கிவிடும். ரத்தத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்து வருடக்கணக்கில் உழைக்கும் இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடித்துப்போகும்.

- ரத்தசோகை: சிவப்பணுக்களை உருவாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லும் ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது குறைந்தால் ரத்தசோகை வரும். குறைந்த ஆக்சிஜனை வைத்து உடலைச் சமாளிக்க இதயம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும்.

- ரத்தக் குழாய் கெட்டியாதல்: வெளியேறாத பாஸ்பரஸ், கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக் குழாய்ச் சுவர்களில் படியும். ரப்பர்போல் நெகிழ வேண்டிய குழாய் விறைத்துப்போகும்.

- பொட்டாசியம் கூடுதல்: ரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பின் தாளமே குலையலாம். உயிருக்கு ஆபத்தான நிலை இது.

எதிர்த்திசையிலும் இதே கதை

இப்போது இதயத்திலிருந்து தொடங்குவோம். பலவீனமான இதயம் குறைவான ரத்தத்தை அனுப்புகிறது. சிறுநீரகத்திற்கு அதன் காரணம் தெரியாது. "உடம்புல தண்ணி குறைஞ்சிருச்சு" என்று அது எடுத்துக்கொள்கிறது. உடனே ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதைத் தொடர்ந்து ஒரு சங்கிலி வினை: ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; உப்பையும் நீரையும் உடல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பெரிய காயத்தில் ரத்தம் போகும்போதும் கடுமையான வயிற்றுப்போக்கின்போதும் நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு இதுதான். ஆனால் இங்கே நீருக்குப் பஞ்சமில்லை. தள்ளும் இதயம்தான் தளர்ந்திருக்கிறது. ஏற்கெனவே திணறும் இதயத்தின்மேல் சிறுநீரகம் இன்னும் பாரத்தை ஏற்றுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. இதயத்தால் முன்னே தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்குகிறது. அந்தத் தேக்கத்தின் அழுத்தம் சிறுநீரகத்திலிருந்து வெளியே வரும் ரத்தக் குழாய் வரை எட்டி, வடிகட்டும் வேலையைக் கெடுக்கிறது.

இப்படி ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு விழுவதை மருத்துவர்கள் 'கார்டியோரீனல் சிண்ட்ரோம்' என்கிறார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடும் குறைந்திருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. லண்டனின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், சிறுநீரக நோயால் இறந்தவர்களில் பலருக்கு இதயம் பெரிதாகியிருந்ததை 1836இலேயே எழுதி வைத்தார். அன்று ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவிகூடக் கிடையாது.

ஆபத்து எவ்வளவு என்று எண்ணிக்கையோடு தெரிந்தது 2004இல். அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில் 11 லட்சத்திற்கும் அதிகமானவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சிறுநீரகச் செயல்பாடு 60க்கு மேல் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவற்றின் ஆபத்து இப்படி ஏறியது:

- 45 முதல் 59 வரை: 1.4 மடங்கு
- 30 முதல் 44 வரை: 2 மடங்கு
- 15 முதல் 29 வரை: 2.8 மடங்கு
- 15க்கும் கீழே: 3.4 மடங்கு

முதல் வரியைக் கவனியுங்கள். 45 முதல் 59 வரை என்பது பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாத கட்டம். வலி இருக்காது, சிறுநீர் வழக்கம்போலவே போகும். ஆனால் இதயத்திற்கான ஆபத்து அப்போதே ஏறத் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் இதயம், சிறுநீரகம், உடற்பருமன், நீரிழிவு எல்லாவற்றையும் ஒரே நோய்த் தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்று அறிவித்தது. தனித்தனி நிபுணர், தனித்தனி அட்டை என்று பிரித்துப் பார்த்தால் ஆபத்தின் முழு அளவு தெரியாது என்பதுதான் காரணம்.

சிங்கப்பூரில் நமக்கு ஏன் இது முக்கியம்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, நீரிழிவு. இங்கே புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகும் மூவரில் ஏறத்தாழ இருவருக்கு நீரிழிவுதான் காரணம். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும் மலாய்க்காரர்களில் 16.6 விழுக்காட்டினருக்கும் சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் கொஞ்சம் சுகர் இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்தக் 'கொஞ்சம்' சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளையும் இதயத்தின் குழாய்களையும் ஒரே சமயத்தில் அரிக்கிறது.

இரண்டு, ரத்த அழுத்தம். சிங்கப்பூர்வாசிகளில் மூவரில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக 2022ஆம் ஆண்டின் மக்கள்தொகைச் சுகாதார ஆய்வு காட்டியது.

மூன்று, உப்பு. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி நாம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறோம். பரிந்துரைக்கப்படும் உச்ச வரம்பு 2,000 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி உப்பில் உள்ள அளவு அது. கிட்டத்தட்ட இரு மடங்கை நெருங்குகிறோம்.

எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்?

இரண்டு எண்கள் போதும்.

முதலாவது, 'இ-ஜிஎஃப்ஆர்'. ரத்தப் பரிசோதனையில் கிடைக்கும் கிரியாட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று சொல்லும் எண் இது. 90க்கு மேல் இயல்பு. மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம்.

இரண்டாவது, சிறுநீரில் 'ஏசிஆர்'. அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்று இது காட்டும். 3க்குக் கீழே இருப்பது நல்லது. 3 முதல் 30 வரை என்றால் எச்சரிக்கை. 30க்கு மேல் என்றால் கசிவு அதிகம்.

பலர் ரத்தப் பரிசோதனையோடு நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம். இ-ஜிஎஃப்ஆர் 95 என்று அழகாக இருக்கும்போதே சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருக்கலாம். அந்தக் கசிவு சிறுநீரகத்திற்கு மட்டுமல்ல, இதயத்திற்கும் வரப்போகும் ஆபத்தின் முன்னறிவிப்பு. சிறு குப்பியில் கொஞ்சம் சிறுநீர் கொடுத்தால் போதும், தெரிந்துவிடும்.

நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டையும் எடுப்பது நல்லது. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவருக்கு மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ, இதயம் திணறுகிறதா என்று காட்டும் 'பிஎன்பி' ரத்தப் பரிசோதனையையும் இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையையும் மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

சிறுநீரக நோயை முன்கூட்டியே கண்டு, அது மோசமாவதைத் தாமதப்படுத்தும் 'ஹால்ட்-சிகேடி' திட்டம் 2017இல் இங்கே தொடங்கப்பட்டது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக 2023 ஜூலையில் வந்த 'ஹெல்த்தியர் எஸ்ஜி' திட்டத்தில் சேர்ந்திருந்தால், உங்கள் குடும்ப மருத்துவரிடமே இதைப் பற்றிப் பேசலாம்.

ஒரே மாத்திரை, இரண்டு உறுப்புகள்

கடந்த பத்தாண்டுகளில் இந்தத் துறையைப் புரட்டிப்போட்டது நீரிழிவுக்காக வந்த ஒரு மருந்து வகை. பெயர், எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை இந்த வகை.

புதிய நீரிழிவு மருந்து இதயத்தைக் கெடுக்காது என்று நிரூபிக்க வேண்டும் என அமெரிக்க அதிகாரிகள் 2008இல் வலியுறுத்தினார்கள். அதற்காக நடந்த சோதனைகளில் ஒன்றின் முடிவு 2015இல் வந்தது. நீரிழிவும் இதய நோயும் உள்ள 7,020 பேர் அதில் கலந்துகொண்டார்கள். கெடுக்கிறதா என்று பார்க்கப் போனார்கள்; அது காப்பாற்றுகிறது என்று தெரிந்தது. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 விழுக்காடு குறைந்தது.

2020இல் இன்னொரு சோதனை. சிறுநீரக நோய் உள்ள 4,304 பேர்; அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நீரிழிவே கிடையாது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதாவதும், சிறுநீரக அல்லது இதய நோயால் மரணமடைவதும் சேர்த்துப் பார்த்தால் 39 விழுக்காடு குறைந்தன.

எப்படி? சர்க்கரையையும் கொஞ்சம் உப்பையும் சிறுநீரோடு வெளியேற்றுகிறது இந்த மருந்து. வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் குறைகிறது. இதயத்தின் சுமையும் இறங்குகிறது. ஆகவே "எனக்குத்தான் சுகர் இல்லையே, எதுக்கு சுகர் மாத்திரை?" என்று அப்பா கேட்டால், இப்போது உங்களிடம் பதில் இருக்கிறது.

இணையத்தில் எடை குறைப்புக்காகப் பேசப்படும் செமாகுளுடைட் ஊசியும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நீரிழிவோடு சிறுநீரக நோயும் உள்ளவர்களிடம் பெரிய சிறுநீரகப் பாதிப்புகளை அது 24 விழுக்காடு குறைத்ததாக 2024இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய பொருள் அல்ல அது.

ரெனின் தொடங்கிவைக்கும் சங்கிலியை நடுவில் துண்டிக்கும் பழைய ரத்த அழுத்த மாத்திரைகளும் இன்றுவரை முக்கியம். அவற்றைத் தொடங்கியதும் கிரியாட்டினின் சற்று ஏறுவது பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான். எண்ணைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"நீர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்ற பேச்சும் உண்டு. உடலில் தேங்கிய நீரை இறக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள். தேங்கிய நீரே சிறுநீரகத்தை நெருக்கும் என்பதை மேலே பார்த்தோம். எவ்வளவு கொடுப்பது என்பது மருத்துவருக்கே இழுபறியான கணக்கு. அதை வீட்டில் கூட்டிக் குறைக்காமல், சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் தெரியாமல் நடக்கும் தவறுகள்

- உப்புக்கு மாற்று: சோடியம் குறைந்த உப்பு பொதுவாக நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோய் முற்றியவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக்கூடாது. இளநீரும் அப்படியே.

- வலி மாத்திரை: ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்திற்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, உப்பையும் தேக்கும். முட்டி வலிக்காகத் தாத்தா தினமும் எதை விழுங்குகிறார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

- நட்சத்திரப் பழம்: சந்தையில் 'பெலிம்பிங்' என்று விற்கும் இந்தப் பழம் சிறுநீரக நோயாளிகளுக்கு நஞ்சு. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். கொஞ்சம்கூட வேண்டாம்.

- "நிறையத் தண்ணி குடி": சிறுநீரகக் கல் உள்ளவருக்குச் சொல்லும் ஆலோசனை இது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இதுவே ஆபத்தாகலாம். எவ்வளவு குடிக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

- குழம்பும் சூப்பும்: உணவங்காடியில் மீ சூப் சாப்பிட்டால் மீயைச் சாப்பிடுங்கள், சூப்பை விடுங்கள். பரோட்டாவுக்குக் குழம்பைக் கொட்டிக்கொள்ளாமல் தொட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் வேண்டாம்.

எப்போது உடனே செயல்பட வேண்டும்?

இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, தண்ணீர். அன்றே மருத்துவமனைக் குழுவை அழையுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாமல் இருக்கும் நாளில் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எவை என்று முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படுக்கவே முடியாத அளவு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். 995ஐ அழையுங்கள்.

அடுத்த மருத்துவச் சந்திப்பில் கேட்க வேண்டியவை

பெற்றோரின் மருத்துவச் சீட்டைப் பெரும்பாலும் நீங்கள்தான் படித்துச் சொல்கிறீர்கள். கைபேசியில் 'ஹெல்த்ஹப்' செயலியைத் திறந்து காட்டுவதும் நீங்கள்தான். அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்குக் கூடப் போனால் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. இ-ஜிஎஃப்ஆர் எவ்வளவு? போன ஆண்டைவிட எவ்வளவு மாறியிருக்கிறது?
2. சிறுநீரில் ஏசிஆர் எடுத்தாகிவிட்டதா?
3. ரத்த அழுத்தம் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும்?
4. எஸ்ஜிஎல்டி2 மாத்திரை இவருக்குப் பொருந்துமா?
5. இதயத்தையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டுமா?

வீட்டில் பேச்சைத் தொடங்குவது கஷ்டமாக இருந்தால், "அப்பா, நீங்க கடைசியா யூரின் டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். "அது எதுக்கு? ரத்தம் எடுத்தாங்களே" என்று பதில் வந்தால், இரண்டாவது எண் இன்னும் பார்க்கப்படவில்லை என்று அர்த்தம். அடுத்த சந்திப்பில் முதலில் அதைக் கேளுங்கள்.

(இந்தக் கட்டுரை பொதுத் தகவலுக்கு மட்டுமே. மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ உங்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.)